தோடி வாசிக்க ஒரு கிட்டார்

கடையில் இப்போது என் மேசையில் வேலை செய்யும் இரண்டு பேரும் போன மாதம் கட்டுகஸ்தோட்டையில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கையில் ஒரு கேக் பெட்டி, முகத்தில் ஒரு வேண்டுகோள். கிட்டார் கழுத்துகளை அளந்து ராவுவதற்குக் கடைக்கு ஒரு மெசின் வரப்போகிறதாம். அது வருவதற்குள், கையால் செய்த காலத்து விஷயங்களை நான் சொல்லிவிட வேண்டுமாம். "நீங்க ஃபோன்ல ஆரம்பிச்சா ஒரு மணித்தியாலம் பேசுறீங்க அக்கா, அதுக்கு எழுதியே குடுத்துருங்க" என்றான் ஒருவன். கேலிதான். இருந்தாலும் கேட்டது கேட்டதுதானே, எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பொறுமை இல்லாதவர்கள் வந்து கேக்கைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம், பாதி இன்னும் இருக்கிறது.

நான் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே வரிசையாகக் கம்பிகள் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீணைக்காரர்கள் அதை மெட்டு என்பார்கள், நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். இரண்டு மெட்டுகளுக்கு நடுவில் விரலை வைத்து அழுத்தினால் தந்தி முன்னால் உள்ள மெட்டில் போய்ப் படியும், சுரம் தானாகச் சரியாக விழும். விரல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் குற்றமில்லை. அந்த மெட்டு தேய்ந்தால் பிடுங்குவது, புதியது அடிப்பது, உயரம் சமப்படுத்துவது, கையைக் கீறாமல் ஓரம் ராவுவது. கண்டி டவுனில் ஓர் இசைக்கருவிக் கடையின் மேல்மாடியில் முப்பத்தொரு வருடம் இதைத்தான் செய்தேன். கடையின் பெயர் வேண்டாம். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

பயிற்சிக்காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்ட எனக்கு இஷ்டமில்லை, அதனால் டவுனுக்கு வந்து, தூசி தட்டவும் பெட்டி கட்டவும் கடையில் சேர்ந்தேன். மேலே மெட்டு அடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று வெளிநாடு போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கும்வரை என்று சொல்லித்தான் என் கையில் சுத்தியலைக் கொடுத்தார்கள். முதல் வருடம் பத்து விரலிலும் பிளாஸ்டர். இரண்டாம் வருடம் பிளாஸ்டர் குறைந்தது. மூன்றாம் வருடம் வேறு ஆள் தேடுவதை மறந்துவிட்டார்கள்.

மறக்க முடியாதவர் எங்கள் வேலைத்தளப் பொறுப்பாளர் கனகர் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிவப்பு நூல்கண்டு. நாங்கள் திருத்தி முடித்த எந்தக் கருவியும் அவரைத் தாண்டித்தான் கீழே கடைக்குப் போகும். யன்னல் ஓரத்துக் கதிரையில் உட்கார்ந்து, கருவியை மடியில் வைத்து, ஒரே ஒரு முறை கீழிருந்து மேலே சுரவரிசை வாசிப்பார். அவர் வித்துவான் ஒன்றும் இல்லை. குழந்தைப் பிள்ளை படியேறுவதைப் போல, ஒவ்வொரு சுரத்திலும் நின்று நின்று போவார். எல்லாம் சரியென்றால் பேசாமல் கீழே அனுப்பிவிடுவார். சரியில்லையென்றால் அதன் தலையில் சிவப்பு நூலைக் கட்டி எங்கள் மேசையில் கொண்டுவந்து வைப்பார். எங்கே பிழை என்று மட்டும் உயிர் போனாலும் சொல்ல மாட்டார். கேட்டால் "பாரும்" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லைக் கேட்டுப் பல்லைக் கடித்தே எனக்கு ஒரு பல் போயிருக்கும்.

முதல் சிவப்பு நூலை நான் வாங்கிய கதையைச் சொல்லியே ஆக வேண்டும். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக் கிட்டார், தட்டினால் 'கிர்ர்' என்று ஓர் அதிர்வு. ஒரு நாள் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. 'உள்ளே மரம் விரிசல் விட்டிருக்கிறது, திருத்த முடியாது' என்று துண்டில் எழுதி அனுப்பினேன். நூல் கட்டித் திரும்பி வந்தது. இரண்டாவது நாளும் தேடினேன். பின்பக்கத்தைத் தட்டிப் பார்த்தேன், திருகாணி ஒவ்வொன்றையும் இறுக்கினேன், கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தேன். பின்னேரம் கை கழுவப் போகும்போது வளையலைக் கழற்றி மேசையில் வைத்தேன். வந்து சும்மா ஒரு தட்டுத் தட்டினால், கிர்ரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. என் கண்ணாடி வளையல்தான் கிட்டாரின் உடம்பில் பட்டு அவ்வளவு நேரமும் அதிர்ந்திருக்கிறது! வெட்கம் பிடுங்கித் தின்றது. துண்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, கருவியில் பிழையில்லை என்று வேறு துண்டு எழுதிக் கொடுத்தேன். கனகர் ஐயா அதைப் படித்தார், என் வெறும் கையைப் பார்த்தார், நூலை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து வேலை மேசையில் நான் வளையல் போட்டதில்லை.

வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து "பாஸ் இல்லையா?" என்று கேட்பது அடுத்த தலைவலி. பாஸ் என்றால் கைத்தொழில் தெரிந்த ஆம்பிளை. ஆரம்பத்தில் கோபம் வரும். பிறகு "பாஸ் தேத்தண்ணி குடிக்கப் போயிருக்காரு, குடுங்க, குடுத்துடுறேன்" என்று சொல்லி வாங்கி வைத்து, அவர்கள் மாலையில் வரும்போது வேலையை முடித்துக் கொடுப்பேன். பாஸுக்கு நன்றி சொல்லச் சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் சொல்லிவிடுவதாகத் தலையாட்டுவேன்.

இனி அந்தக் கிட்டாருக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம் அது. ஒரு காலை ஜெகன் மாஸ்டர் மாடியேறி வந்தார். டவுனில் ஒரு தனியார் சங்கீதப் பள்ளியில் பதினொரு வருடமாக வயலின் சொல்லிக்கொடுப்பவர். அவருடைய வயலினுக்கு நாங்கள்தான் வைத்தியம் பார்ப்போம், அதனால் நல்ல பழக்கம். கலகெதரப் பாதையில் மழைக்குள் மோட்டார்சைக்கிள் சறுக்கி விழுந்தார் என்று கேள்விப்பட்டிருந்தேன். நேரில் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. வலது முழங்கைக்குள் தகடு வைத்திருந்தார்கள். கை பாதிக்கு மேல் நீளாது. வயலினில் வில்லை இழுக்க அந்த நீட்டம்தான் வேண்டும். குட்டையாக ஒரு வில் செய்து தர முடியுமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

செய்யலாம், ஆனால் அது வாசிப்பதற்கு உதவாது, விளையாடத்தான் உதவும் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு மீதிக் கதையைச் சொன்னார். பள்ளியின் தலைவி லலிதா டீச்சர், பெரிய பாடகி, ரொம்பக் கண்டிப்பானவர். வாசித்துக் காட்ட முடியாத ஒருவரிடம் மேல்வகுப்பைக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். மூன்று மாதத்தில் ஆண்டு விழா. அதில் ஏதாவது ஒரு வாத்தியத்தில் தோடி ராகம் வாசித்துக் காட்டினால் மாலை ஆறு மணிக்கு நடக்கும் அந்த மேல்வகுப்பு அவருக்கு. இல்லாவிட்டால் வகுப்பு வேறு ஒருவருக்குப் போகும், இவர் பிள்ளைகளின் வரவுப் புத்தகம் பார்த்துக்கொண்டு, சுருதிப்பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டு இருக்கலாம். தோடி ஏன் என்றால், அதில் சுரங்கள் ஓரிடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். கீபோர்டில் பொத்தானை அமுக்கி ஏமாற்ற முடியாத ராகம் அது.

"வகுப்பு போனா நான் அந்தப் படி ஏற மாட்டேன் அக்கா. வேற எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய இடது கையைப் பார்த்தேன். வயலின் பெட்டியின் மேல் விரல்கள் வழுக்கிக்கொண்டும் அசைந்துகொண்டும் இருந்தன. அவருக்கே தெரியாது. அந்தக் கை முழுசாக இருக்கிறதே, பாழாய்ப்போன மற்றக் கைக்குத் தந்தியைச் சுண்ட மட்டும் தெரிந்தால் போதாதா என்று எனக்குத் தோன்றியது. கிட்டார் பிடித்துப் பார்க்கலாமே என்றேன். கரண்ட் கிட்டார் என்றால் மெல்லத் தட்டினாலும் ஒலிபெருக்கிப் பெட்டியில் சத்தம் நிற்கும், வலது கைக்கு வேலை குறைவு. அவர் சிரித்தார். மெட்டு தடுக்கும், தோடிக் காந்தாரத்தை மெட்டில் வைத்து வாசித்தால் லலிதா டீச்சர் எழும்பிப் போய்விடுவார் என்றார்.

"அப்ப மெட்டே இல்லாம ஒண்ணு செஞ்சிருவோம்" என்றேன்.

முப்பது வருடமாக மெட்டு அடித்தே சோறு தின்ற வாய் அப்படிச் சொன்னது! வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என் பிறவிக் குணம். மெட்டில்லாத பேஸ் கிட்டார் கடைகளில் உண்டு, ஆனால் அது இடி முழக்கம், தோடிக்கு ஆகாது. சாதாரண உயரத்தில் மெட்டில்லாத கிட்டார் நான் கையில் எடுத்ததே இல்லை. கனகர் ஐயாவிடம் போய்ச் சொன்னேன்.  வீட்டில் வைத்துச் செய்யச் சொன்னார், கடையின் பெயர் அதில் விழக் கூடாது என்றார், முடித்ததும் தன்னிடம் காட்ட வேண்டும் என்றார். அது அவருடைய வாயிலிருந்து ஒரு கிழமைக்குப் போதுமான பேச்சு.

இரண்டு மாதம் எங்கள் சாப்பாட்டு மேசை வேலை மேசையானது. என் வீட்டுக்காரர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார், "கிட்டாருக்கு முதல்ல பரிமாறு" என்று கிண்டல் பண்ணிக்கொண்டே. உடம்புக்குப் பழைய பலாமரக் கட்டில் ஒன்றின் தலைப்பலகையை அறுத்தேன். கழுத்துக்கு மஹோகனி, அது வளையாமலிருக்க உள்ளே ஓர் இரும்புச் சட்டம். விரல் ஓடும் பலகைக்குக் கருங்காலி வேண்டும். யானை பொம்மை செதுக்கும் ஒருவரிடம் போய், இன்னும் யானை ஆகாத துண்டு ஒன்று முழ நீளத்துக்கு இருக்கிறதா என்று கேட்டேன். தேடி எடுத்துக் கொடுத்தார். உள்ளே மின்சார இரைச்சல் வராமலிருக்க, தேயிலை மூட்டைக்குள் ஒட்டிவரும் வெள்ளித் தாளை உரித்து, உடம்பில் வயர்கள் போகும் குழி முழுக்க ஒட்டினேன். தோட்டத்தில் பிறந்தவளுக்கு அது கூடவா கிடைக்காது?

விரல்பலகையில்தான் பாதி மாதம் போனது. மெட்டு இருக்கும் கிட்டாரில் பலகையில் சின்னப் பள்ளம் மேடு இருந்தாலும் மெட்டு மறைத்துவிடும். இதில் மறைக்க ஆளில்லை. கனத்த கண்ணாடித் துண்டில் உப்புத்தாளை ஒட்டினேன். பலகை முழுக்கச் சோக்கைப் பூசினேன். தேய்க்கும்போது சோக்கு எங்கே மிச்சம் நிற்கிறதோ அங்கே பள்ளம். எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் சோக்கு போகும்வரை தேய்ப்பு, பூச்சு, தேய்ப்பு. பிறகு சுப்பர் குளூவை மெல்லியதாக ஏழு தடவை பூசி, காயவைத்து, மெழுகிப் பளபளப்பாக்கினேன். மரம் மெத்தென்று இருந்தால் விரலின் சதை சத்தத்தைக் குடித்துவிடும், அதற்குத்தான் அந்தக் கண்ணாடிப் பூச்சு. கண் எரிந்து எரிந்து அழுதேன், பக்கத்து வீட்டில் குடும்பச் சண்டை என்று நினைத்திருப்பார்கள்.

தலைப்பக்கம் தந்தி உட்காரும் எலும்புத் துண்டையும் வேறுமாதிரி அறுக்க வேண்டியிருந்தது. வழக்கமான கிட்டாரில் அதில் தந்தி படியும் காடி மெட்டின் உயரத்துக்கு நிற்கும். இதில் தந்தி பலகையைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். ஒரு பஸ் டிக்கெட்டை அடியில் நுழைத்துப் பார்ப்பேன். அது இறுக்கமாக நுழைந்து வந்தால் போதும், அதற்கு மேல் ராவினால் தந்தி செத்துவிடும். ஆறு தந்தி வேண்டாம், வயலினைப் போல நாலு போதும் என்று மாஸ்டர் சொன்னார். பலகையை அரிக்காத வழுவழுப்பான தந்தியாகத் தேடிப் போட்டேன்.

பலகையின் முகத்தில் எந்தக் கோடும் வேண்டாம் என்றார். ஆனால் வயலினைவிட இதன் தந்தி இரண்டு மடங்கு நீளம், அவருடைய கைக்கு இடம் தெரியாமல் போகும். அதனால் பார்த்து வழி பிடிக்க, மேல் ஓரத்தில் சில வெள்ளைப் புள்ளிகள் மட்டும் வைக்கச் சொன்னார். வெள்ளைப் பிளாஸ்டிக் பின்னல் ஊசியைத் துண்டு துண்டாக வெட்டி, வழக்கமான இடங்களில் துளை போட்டு இறக்கினேன். அது எனக்குக் கை போன போக்கில் செய்கிற வேலை. மற்ற எல்லாவற்றையும் மூன்று தடவை அளந்தவள், அதை ஒரு தடவைதான் அளந்தேன்.

தந்தி ஏற்றிய அன்று பலாமரம் பேசியது. அப்படி ஒரு சத்தம்! தேன் ஊற்றியது மாதிரி. நான் மேசையைச் சுற்றி ஒரு ஆட்டமே போட்டேன், சத்தியமாக.

ஆனால் மாஸ்டர் கையில் எடுத்தபோது சந்தோஷம் கரைந்துபோனது. அவர் வைத்த ஒவ்வொரு சுரமும் கீழே விழுந்தது. விழுந்து, பிறகு தடவித் தடவி மேலே ஏறிச் சரியான இடத்துக்கு வந்தது. 'ஸ' கேட்டால் முனகல், 'ப' கேட்டால் முனகல். அரைச் சுரத்தில் பாதி அளவு பிசகு, அதுவும் எல்லா இடத்திலும். புதுசுதானே, பழகட்டும் என்று விட்டோம். ஒரு கிழமை, இரண்டு கிழமை, அதே முனகல். நான் தந்தியை மாற்றினேன், தந்தியின் மறுமுனையைத் தாங்கும் பாலத்தை முன்னே தள்ளினேன், பின்னே இழுத்தேன். சுருதி காட்டும் டியூனரைக் கவ்வவிட்டு நானே ஒவ்வோர் இடமாக அழுத்திப் பார்த்தேன். முள் நேராக நிற்கிறது. அவர் கையில் கொடுத்தால் முள் சாய்கிறது. நான் பிடித்தால் நேர், அவர் பிடித்தால் சாய்வு. வேறென்ன நினைப்பீர்கள்?

நானும் அதைத்தான் நினைத்தேன். நினைத்தது போதாதென்று சொல்லியும் தொலைத்தேன். "கிட்டார்ல பிழை இல்ல மாஸ்டர். மெசினே காட்டுது பாருங்க."

அவர் கிட்டாரை மெதுவாக மேசையில் வைத்தார். விழுந்ததில் தலையிலும் அடிபட்டது, டாக்டர் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார், ஆனால் தனக்குச் சந்தேகம் இருந்தது என்றார். "கை போனதுன்னு நெனச்சேன் அக்கா. காதும் போயிருச்சு போல" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. என் வீட்டுக்காரருக்கு மேசை திரும்பக் கிடைத்தது, எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

சொன்ன சொல்லுக்காகக் கிட்டாரைக் கனகர் ஐயாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். யன்னல் ஓரம் உட்கார்ந்தார். விரல்பலகையின் ஓரத்தைக் குனிந்து பார்த்துப் பார்த்து ஒரு சுரவரிசை ஏறினார். பிறகு பையில் கைவிட்டு நூலை எடுத்தார்.

எனக்கு வந்தது ஆத்திரம். கருவி சரி, வாசிப்பவருக்குத்தான் காது போய்விட்டது, டியூனர் சாட்சி என்று படபடவென்று பொரிந்து தள்ளினேன். அவர் முடிச்சைப் போட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"அவருக்குக் காது போகேல்லை" என்றார். "முந்தாநாள் கீழ வந்தவர். அங்க ஒரு தம்புராவில பஞ்சமம் விலகியிருக்கெண்டு சொல்லிப்போட்டுப் போனார். நான் பாத்தனான். ஓம், மயிரிழை விலகித்தான் இருந்தது. பாரும்."

மயிரிழை விலகியதைப் பிடிக்கிற காது, தன் கையில் அவ்வளவு பெரிய பிசகை எப்படி விடும்? அப்படியானால் காதுக்கும் கைக்கும் நடுவில் ஏதோ ஒன்று அவரை ஏமாற்றுகிறது. அன்று பின்னேரமே ஃபோன் எடுத்தேன். வர மாட்டேன் என்றார். வராவிட்டால் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி நானே உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து கத்துவேன் என்றேன். நான் செய்வேன் என்று அவருக்குத் தெரியும். மறுநாள் வந்தார்.

கிட்டாரை மடியில் வைத்தேன். டியூனரை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். "கண்ண மூடுங்க மாஸ்டர். மேல் ஸட்ஜத்த காதாலயே தேடிப் பிடிங்க. பிடிச்ச எடத்துல நில்லுங்க."

விரல் வழுக்கி ஏறியது. கொஞ்சம் முன்னே போனது, கொஞ்சம் பின்னே வந்தது, நின்றது. முள் குத்துக்கோடாக நின்றது. முனகலே இல்லை. நான் குனிந்து அவருடைய விரலைப் பார்த்தேன். விரல் புள்ளியில் இல்லை. புள்ளியைத் தாண்டி, கிட்டத்தட்ட அரை அங்குலம் தள்ளி இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிட்டாரில் புள்ளி எங்கே வைப்பார்கள்? இரண்டு மெட்டுகளுக்கு நடுவில். விரல் அங்கேதானே போகும், சுரத்தைப் பிறப்பிப்பது அதற்கு முன்னால் இருக்கிற மெட்டு. முப்பது வருடம் நான் அங்கேதான் புள்ளி வைத்தேன். மெட்டே இல்லாத பலகையில் சுரம் பிறப்பது விரலின் அடியில். ஆகவே புள்ளி இருக்க வேண்டியது மெட்டு இருந்திருக்கக்கூடிய கோட்டின் மேல். நானோ பழக்கதோஷத்தில், இல்லாத இரண்டு மெட்டுகளுக்கு நடுவே கச்சிதமாகப் புள்ளி வைத்திருக்கிறேன்! சோதித்துப் பார்க்கும்போது என் விரல், அதே பழக்கத்தில், புள்ளியைத் தாண்டி மெட்டுக் கோடு இருக்கும் இடத்துக்குத் தானாகப் போய்விட்டது. அதனால் முள் எனக்கு நேராக நின்றது. கிட்டாரே பிடித்திராத மாஸ்டர் புள்ளியை நம்பிப் புள்ளியில் விரலை வைத்தார். வைத்த கணமே அவருடைய காது பிசகைப் பிடித்து விரலை மேலே தள்ளியது. அந்த முனகல் முழுக்க அவருடைய காதின் வேலை. அந்தக் காதைத்தான் செவிடு என்று நான் சொல்லாமல் சொன்னேன்.

அவர் இன்னும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார்.  "கண்ணத் தொறங்க மாஸ்டர். உங்க காது நல்லாத்தான் இருக்கு. புள்ளிய நான் பிழையான எடத்துல வச்சிட்டேன். பிழை என்னோடது. என்னய மன்னிச்சிருங்க."

அவர் தன் விரலைப் பார்த்தார், புள்ளியைப் பார்த்தார். எழும்பி என்னை அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவர் திரும்பவும் அந்த இடத்தில் விரலை வைத்துச் சுண்டினார். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. பிறகு அந்த நீளாத கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். சுப்பர் குளூ இல்லாமலே.

விழாவுக்கு இருபது நாள் இருந்தது. கருங்காலித் தூளைப் பசையில் குழைத்துப் பழைய துளைகளை அடைத்தேன். புதிய புள்ளிகளை மூன்று தடவை இல்லை, முப்பது தடவை அளந்தேன். தந்தியின் சரிபாதியில் விழும் பன்னிரண்டாவது மெட்டின் புள்ளி, தலையிலிருந்து பன்னிரண்டே முக்கால் அங்குலம், மயிரிழை பிசகாமல் கோட்டின் மேல். மாஸ்டர் தினமும் பின்னேரம் வந்து எங்கள் வீட்டில் வாசித்தார். பத்து நாளில் புள்ளியைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். கனகர் ஐயா இரண்டாம் முறை சுரவரிசை ஏறினார், இறங்கினார், நூலை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டார். புள்ளிதான் பிழை என்று உங்களுக்கு அப்போதே தெரியுமா என்று கேட்டேன். "தெரியாது" என்றார். "பிழை எண்டு மட்டும் தெரிஞ்சுது."

விழா நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. நான் மூன்றாவது வரிசையில், என் பக்கத்தில் வேட்டி கட்டிய கனகர் ஐயா. அவரை வேட்டியில் அன்றுதான் பார்த்தேன். மேடையில் கதிரை போட்டு ஜெகன் மாஸ்டர் கிட்டாரோடு உட்கார்ந்ததும் சனத்துக்குள் ஒரு முணுமுணுப்பு. சங்கீத மேடையில் கரண்ட் கிட்டாரா என்று பின்னால் ஒருவர் கேட்டது என் காதில் விழுந்தது. முன்வரிசையில் லலிதா டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். 

மாஸ்டர் அவசரப்படவில்லை. கீழ்ப் பஞ்சமத்தில் ஆரம்பித்து, ஒரே தந்தியில், எங்கேயும் விரலைத் தூக்காமல் ஏறினார். காந்தாரம் வந்தது. மேலேயும் கீழேயும் அசைந்து அசைந்து, ஓர் இடத்திலும் நிற்காமல், பாடுகிற தொண்டையைப் போல வந்தது. பலாமரம் அதைப் பிடித்து வைத்திருந்தது. அவர் கழுத்தைப் பார்க்கவே இல்லை. லலிதா டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டு வாசித்தார். மேல் ஸட்ஜத்துக்கு வழுக்கி ஏறினார். ஆணி அடித்தது மாதிரி அதில் நின்றார். லலிதா டீச்சரின் கட்டியிருந்த கை அவிழ்ந்தது. கண்ணை மூடித் தலையை அசைக்க ஆரம்பித்தார். பின்னால் முணுமுணுத்தவர் "அடடா" என்றார். திரும்பிப் பார்த்து அவரை முறைத்தேன், இப்போதாவது தெரிந்ததா என்று.

வாசித்து முடித்தார். கைதட்டல் கூரையைத் தூக்கியது. லலிதா டீச்சர் எழும்பி மேடை ஓரத்துக்குப் போனார். எல்லோருக்கும் கேட்கத்தான் பேசினார். "நாளைக்கு ஆறு மணி வகுப்ப நீங்கதான் எடுக்குறீங்க மாஸ்டர்" என்றார்.  பிறகு கிட்டாரை உற்றுப் பார்த்து, இதை எந்த ஊரில் வாங்கினீர்கள் என்று கேட்டார்.

மாஸ்டர் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார். "வாங்கல டீச்சர். பார்வதி அக்கா அவங்க சாப்பாட்டு மேசையில வச்சு செஞ்சது. அந்தா, மூணாவது வரிசையில."

மண்டபம் முழுக்கத் தலைகள் திரும்பின. இந்த மாதிரி நேரத்தில் மற்றவர்கள் கூச்சப்பட்டு, பாதி எழும்பி, ஒரு கும்பிடு போட்டுச் சட்டென்று உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு முழுசாக எழும்பி நின்றேன். கடைசி ஆள் கைதட்டி ஓயும்வரை நான் உட்காரவில்லை.